450 கிலோ, 4 வினாடி: வீட்டில் கட்டும் காரின் பிக்கப் கணக்கு

பாலக்கோட்டிலிருந்து பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அடிபட்ட ஸ்விஃப்ட் ஒன்றின் 1.2 பெட்ரோல் இன்ஜினும் கியர்பாக்ஸும் அவர் கையில் இருக்கின்றன. சதுரக் குழாயில் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம் கட்டி, இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் செய்ய ஆசை. எடை 450 கிலோவுக்குள் முடிந்துவிடும், 100 கி.மீ. வேகத்தை 4 வினாடியில் தொட்டுவிடும் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். இது நடக்குமா, எடையைக் குறைக்க எங்கே கை வைக்க வேண்டும் என்று கேட்கிறார்.

நடக்காது தம்பி. 450-ம் வராது, 4-ம் வராது. 9 வினாடி வரும். பிடிவாதமாக வேலை பார்த்தால் 8-க்குக் கொஞ்சம் கீழேயும் வரும். அதைக் கேட்டு முகம் சுருங்க வேண்டாம். அதே இன்ஜின் ஸ்விஃப்டில் இருந்தபோது 13 வினாடி எடுத்துக்கொண்டிருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கண்ணாடியும் கதவும் இல்லாமல் உட்கார்ந்து 9 வினாடியில் 100 தொட்டால், அது 5 வினாடி போலத்தான் தெரியும்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்கிறேன். நான் ஓசூர் பக்கம் இருபது வருஷமாக லேத் பட்டறை வைத்திருப்பவன். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஈகோ வேனின் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் வைத்து இப்படி ஒரு வண்டி கட்டினோம். அதில் பட்ட அடியும் இந்தக் கணக்கில் கலந்திருக்கிறது.

முதலில் கணக்கு. ஓடும் வண்டிக்குள் இருக்கும் ஆற்றல், எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 100 கி.மீ. என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். அந்த ஆற்றலை இன்ஜின் எத்தனை வினாடியில் கொண்டுவந்து கொட்டுகிறதோ, அதுதான் உங்கள் நேரம். ஆனால் 85 ஹெச்பி என்று புத்தகத்தில் போட்டிருந்தால் 85-ம் சக்கரத்துக்கு வராது. கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் சுமார் 15 சதவீதம் போகும். அப்புறம் அந்த உச்ச சக்தி 6000 ஆர்பிஎம் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். ஒவ்வொரு கியரிலும் கீழிருந்து ஏறி வர வேண்டியிருப்பதால் சராசரியாக அதில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். சக்கரம், ஃபிளைவீல் (இன்ஜின் முனையில் கிளட்ச் உட்காரும் கனமான வட்டு) ஆகியவற்றைச் சுழற்றவும் கொஞ்சம் செலவு. எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கி வகுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. பின்னங்கள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், ஓட்டுநரோடு சேர்ந்த எடையை ஹெச்பியால் வகுத்த எண்ணே கிட்டத்தட்ட வினாடியாக நிற்கிறது. கியர் மாற்றும் நேரத்துக்காக அதோடு முக்கால் வினாடி, ஒரு வினாடி கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்கலாம். பழைய கார்புரேட்டர் மாருதி 800 சுமார் 650 கிலோ, 37 ஹெச்பி. ஓட்டுநர் 75 கிலோ. 725-ஐ 37-ஆல் வகுத்தால் 19.6, கியர் மாற்றத்தோடு 20 வினாடிக்கு மேல். அந்த வண்டியை ஓட்டியவர்கள் இதைக் கேட்டுச் சண்டைக்கு வர மாட்டார்கள். இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் கேட்டர்ஹாம் 170 என்ற, நீங்கள் கட்ட நினைப்பது போன்ற திறந்த வண்டி. 440 கிலோ, 660 சிசி சுசுகி டர்போ இன்ஜின், 84 ஹெச்பி. நம் கணக்கில் 515-ஐ 84-ஆல் வகுத்தால் 6.1, முக்கால் சேர்த்தால் 6.9. கம்பெனி சொல்வதும் 6.9தான், அது மணிக்கு 60 மைல் வரை, அதாவது 97 கி.மீ. வரை. ஐம்பது வருஷமாக அதே வடிவத்தைக் கட்டிக் கைதேர்ந்தவர்கள், எடை குறைந்த தனி இன்ஜினை வைத்துக்கொண்டு 440-இல் நிற்கிறார்கள். 85 ஹெச்பியில் அவர்களுக்கே 7 வினாடி என்றால், காயலாங்கடை சாமானை வைத்து நாம் 4 எடுப்பது எப்படி?

இந்த வடிவத்துக்கே ஒரு கதை உண்டு. 1957-இல் இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன், செவன் என்ற வண்டியைக் கொண்டுவந்தபோது அங்கே முழுதாகக் கட்டிய காருக்குக் கொள்முதல் வரி இருந்தது, பிரித்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் வரி இல்லை. அதனால்தான் ஜனங்கள் காரை வீட்டுக் கொட்டகையில் பூட்டினார்கள். 1973-இல் வாட் வரி வந்து அந்த லாபம் போனது. அதே வருஷம் லோட்டஸிடமிருந்து கேட்டர்ஹாம் அந்த வண்டியைக் கட்டும் உரிமையை வாங்கிக்கொண்டது. வரி போனாலும் வீட்டில் கட்டும் பழக்கம் அங்கே போகவில்லை. நம் பக்கத்திலும் சும்மா இருந்துவிடவில்லை. கோயம்புத்தூரில் பந்தய வீரர் கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளை உருவாக்கினார். செட்டிபாளையம் பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான். பெங்களூரின் சிபானி டால்ஃபின் ஃபைபர் பாடியும் 848 சிசி இன்ஜினும் கொண்ட சின்ன வண்டி. நாற்பது ஹெச்பி இன்ஜினிலும் இனிமையாக ஓட முடியும் என்று காட்டியவை இவை. எடைதான் அதன் ரகசியம்.

சரி, எடைக்கு வருவோம். எங்கள் வண்டிக்குப் பேப்பரில் போட்ட கணக்கு 560 கிலோ. கட்டி முடித்ததும் ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். ஒருவர் 540, நான் 580. கிருஷ்ணகிரி ரோட்டில் மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள் ஏறும் எடை மேடைக்கு டிரெய்லரில் கொண்டுபோய் இறக்கினோம். "காலி வண்டியா, லோடா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். சீட்டில் வந்த எண் 690. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மேடை தப்பு என்று இன்னொரு மேடைக்குப் போனோம். அங்கேயும் 690.

அந்த 130 கிலோ எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்ததுதான் இந்த வேலையில் நான் கற்ற பெரிய பாடம். 25 மி.மீ. சதுரக் குழாய் 1.6 மி.மீ. கனத்தில் மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. அதே குழாய் 3 மி.மீ. கனத்தில் 2 கிலோவுக்கு மேல். இந்த மாதிரிச் சேஸிக்கு 40 மீட்டர் குழாய் போகும். எங்கள் வெல்டர் டிராக்டர் டிப்பர் கட்டிப் பழகியவர். "கனமா போட்டாத்தாண்ணா நிக்கும்" என்று 3 மி.மீ. எடுத்து வந்துவிட்டார், நாங்களும் தலையாட்டினோம். அங்கேயே 36 கிலோ. தரைக்கு 2 மி.மீ. இரும்புத் தகடு அடித்தோம். இரண்டு சதுர மீட்டருக்கு 31 கிலோ. 1.5 மி.மீ. அலுமினியம் என்றால் 8 கிலோதான். ஃபைபர் பாடியை அச்சில் போடும்போது கண்ணாடி நார்ப் பாயை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி 5 மி.மீ.க்கு மேல் கொண்டுபோனதில் இன்னொரு 18. வேனின் சீட்டுகளை அப்படியே போட்டதில் 16. ஸ்டெப்னியும் ஜாக்கியும் 14. மிச்சம் வயரிங், தேவையில்லாத பிராக்கெட், பெயின்ட், பட்டி, "இருக்கட்டும்" என்று விட்ட போல்ட்டுகள். ஒரு இடத்தில் பெரிய தவறு எதுவும் இல்லை, ஒவ்வொரு இடத்திலும் ஒரு "இருக்கட்டும்".

கனமான குழாய் சேஸியை விறைப்பாக்கும் என்பது பாதி உண்மைதான். மூடி இல்லாத செருப்புப் பெட்டியைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள், துவளும். மூடியை ஒட்டினால் அதே அட்டை விறைக்கும். சேஸியிலும் அப்படித்தான். நான்கு மூலைச் சட்டத்தில் குறுக்கே ஒரு குழாயைச் சாய்த்து வைத்து முக்கோணமாக்கினால் கிடைக்கும் விறைப்பு, சட்டத்தின் கனத்தை இரட்டிப்பாக்கினாலும் கிடைக்காது. அந்தக் குறுக்குக் குழாய் 1 கிலோதான். இன்ஜின் அறையின் மேல்பக்கமும், கால் வைக்கும் பகுதியின் பக்கவாட்டும் முக்கோணம் இல்லாமல் விடப்படும் வழக்கமான இடங்கள். குழாயை வாங்குவதற்கு முன் சோடா ஸ்ட்ராவிலோ மூங்கில் குச்சியிலோ ஒரு சின்ன மாதிரி செய்து முறுக்கிப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தரை, சீட், ஸ்டெப்னி, பாடியின் சில பகுதிகளை மாற்றி எங்கள் வண்டியை 625-க்குக் கொண்டுவந்தோம். சேஸியை மாற்ற முடியவில்லை, அது வேறு வண்டி கட்டுவதற்குச் சமம். 73 ஹெச்பி பழைய ஈகோ இன்ஜின், என்னோடு சேர்த்து 700 கிலோ. கணக்குப்படி பத்தரை. ஓடியதும் பத்தரை. முன்பு 11-க்கு மேல் எடுத்தது.

உங்கள் ஸ்விஃப்ட் இன்ஜினுக்கு 85 ஹெச்பி என்று வைத்து, வண்டி 620, நீங்கள் 80 கிலோ என்றால் 8.2, கியரோடு 9. முதல் நாளிலிருந்தே கவனமாக இருந்து 500-இல் முடித்தால் 7.6. இதில் ஒரு விஷயம் தெரிகிறதா? 8 கிலோ குறைத்தால் 1 ஹெச்பி கூட்டியதற்குச் சமம். ஹெட் வேலை, கேம், எக்ஸாஸ்ட் என்று 10 ஹெச்பி கூட்ட என்ன செலவாகும் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து சீட்டில் நண்பனை ஏற்றாமல் விட்டால் அந்த 10 ஹெச்பி இலவசம். எடை குறைந்தால் பிரேக்கும் பிடிக்கும், வளைவிலும் நிற்கும். ஹெச்பி கூட்டினால் அந்த இரண்டுமே கிடைக்காது.

சுழலும் பாகங்களின் எடை தனி ரகம். சக்கரத்தின் விளிம்போரத்தில் இருக்கும் 1 கிலோ, முடுக்கும்போது கிட்டத்தட்ட 2 கிலோவாக நடந்துகொள்ளும். முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் பெரிய அலாய் வேண்டாம், 13 அல்லது 14 அங்குலம் போதும். ஃபிளைவீல் இன்னும் வேடிக்கை. மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி அதில் 2 கிலோ கடைந்து எடுத்தால், முதல் கியரில் மொத்த விகிதம் 14 (இன்ஜின் 14 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று) என்று வைத்துக்கொண்டால் வண்டியில் 50 கிலோ குறைத்த மாதிரி. இரண்டாம் கியரில் 16 கிலோ, மூன்றாவதில் 8. இன்ஜின் சக்கரத்தைவிட அத்தனை மடங்கு வேகமாகச் சுற்றுவதால் வரும் லாபம் இது. ஆனால் லேத்காரனாக ஒன்று சொல்கிறேன். ஃபிளைவீல் வார்ப்பிரும்பு. கிளட்ச் உட்காரும் முகத்துக்குப் பின்னால் மெல்லிசாக்கிவிட்டால் 6000 ஆர்பிஎம்மில் வெடிக்கும், வெடித்தால் துண்டு கால் பக்கம்தான் வரும். விளிம்பின் வெளிப்பக்கத்தில் மட்டும் எடுங்கள், எடுத்தபின் பேலன்ஸ் போடாமல் பூட்டாதீர்கள். என்னிடம் "இன்னும் கொஞ்சம் எடுங்கண்ணா" என்று கேட்டு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் இன்ஜின் குறுக்காக உட்காரும் முன்சக்கர வண்டி இன்ஜின். அதை முன்னால் வைத்து நீளவாக்கில் திருப்பிப் பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் கொண்டுபோவதற்கு வேறு கியர்பாக்ஸ் தேவை. சுலபமான வழி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் டிரைவ் ஷாஃப்ட்டோடு அப்படியே தூக்கி உங்கள் முதுகுக்குப் பின்னால் வைப்பது. ஸ்டியரிங் ராடுக்குப் பதிலாகச் சேஸியில் நிலையாகக் கட்டிய ராடு ஒன்று சக்கரத்தைத் திரும்பவிடாமல் பிடிக்க வேண்டும். அந்த மூட்டு கொஞ்சம் ஆடினாலும் பின்சக்கரம் தானாகத் திரும்பும், அது உயிருக்கு உலை. கியர் கேபிளை நீளமாகப் போட வேண்டும், ரேடியேட்டர் முன்னால் இருந்தால் தண்ணீர்க் குழாய் எடையும் கூடும். லாபம் என்னவென்றால் எடையில் 60 சதவீதம் பின்னால் விழும், கிளம்பும்போது பிடிப்பு அங்கேதான் வேண்டும். எங்கள் ஈகோ இன்ஜின் நீளவாக்கில் உட்காருவது, ஷாஃப்ட்டும் பின் ஆக்சிலும் கூடவே வந்துவிட்டன. வேலை சுலபம், ஆனால் அந்த ஆக்சில் ஒரு பாறாங்கல்.

பிடிப்பு என்றதும் அந்த 4 வினாடிக்கு வருகிறேன். சாதாரண சாலை டயர், உலர்ந்த தார், எடையில் 60 சதவீதம் பின்னால் என்று வைத்தால், எத்தனை நூறு ஹெச்பி இருந்தாலும் 4.4 வினாடிக்குக் கீழே போவது கஷ்டம். ரப்பர் அதற்கு மேல் பிடிக்காது, சக்கரம் சுற்றும். நான் சொன்ன வகுத்தல் கணக்கும் அந்த இடத்தில் செத்துவிடும். கேட்டர்ஹாம் 620ஆர் 310 ஹெச்பி, வகுத்தால் 2 வினாடி வரும். கம்பெனி சொல்வது 60 மைல் வரை 2.79, அதுவும் பந்தய டயருக்கு நெருக்கமான டயரில். உங்கள் 85 ஹெச்பிக்கு இந்தக் கவலை முதல் கியரில் மட்டும்தான். கிளட்சைப் படாரென்று விட்டால் புகைதான் வரும், வண்டி வராது.

80 கி.மீ. தாண்டினால் காற்று கணக்கில் சேரும். இந்த மாதிரித் திறந்த வண்டிகள் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் காற்றுக்குச் செங்கல். 100-இல் காற்றைக் கிழிக்க மட்டும் 15 ஹெச்பி அளவுக்குப் போகும். 150-இல் அது 50. வேகம் ஒன்றரை மடங்கானால் செலவு மூன்று மடங்குக்கு மேல். ஆகவே டாப் ஸ்பீடு பற்றிப் பேசாதீர்கள், அதில் ஸ்விஃப்டே உங்களை முந்தும்.

இன்னொரு திருடன் உயரம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர். காற்று அங்கே எட்டு சதவீதத்துக்கு மேல் மெலிசு, டர்போ இல்லாத இன்ஜினின் ஹெச்பியும் அதே அளவு குறையும். 85 என்பது 78 ஆகிவிடும். சித்திரை வெயிலில் இன்னும் குறையும். அதே வண்டி சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் விடியற்காலையில் அரை வினாடி வேகமாக ஓடினால் நீங்கள் ஒன்றும் சாதித்துவிடவில்லை, கடல் மட்டத்துக்குக் கிட்டே இறங்கி வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நேரம் எடுப்பதிலும் ஏமாறுவோம். நம் ஊர் எருது விடும் விழாவில்கூட ஓடுதூரத்தை அளந்து, இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தித்தான் வினாடியைச் சொல்கிறார்கள். கார்க்காரர்கள் ஸ்பீடோமீட்டரை செல்போனில் வீடியோ எடுத்துவிட்டு 5.8 என்கிறார்கள். ஸ்பீடோமீட்டர் கூட்டித்தான் காட்டும், அதுவும் டயர் அளவு மாற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். வினாடிக்குப் பத்து முறை படிக்கும் ஜிபிஎஸ் கருவி வைத்து, இரண்டு திசையிலும் ஓடி, சராசரி எடுங்கள். நாங்கள் ஓடியது இன்னும் வீடு எழும்பாத ஒரு லேஅவுட்டின் உள்சாலையில், உரிமையாளரிடம் கேட்டு, இரண்டு முனையையும் அடைத்துவிட்டு. பார்த்தால் மட்டமாகத் தெரிந்த சாலை. ஒரு திசையில் 10.1, மறு திசையில் 10.9. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுதான், கண்ணுக்கே தெரியாது. தேசிய நெடுஞ்சாலைப் பக்கம் போய்விடாதீர்கள். தொப்பூர் இறக்கத்தில் எந்த வண்டியும் 0-100 நன்றாகத்தான் ஓடும்.

பதிவு எண் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைச் சோதித்துச் சாலைக்கு அனுமதிக்கத் தனி ஏற்பாடு இருக்கிறது. இங்கே புது வடிவ வண்டி என்றால் மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் மாதிரி வண்டிக்குச் சான்று வாங்க வேண்டும். ஒற்றை வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. ஸ்விஃப்டின் ஆர்சியை இதற்கு மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு பந்தயப் பாதைக்குப் போய் ஓட்டும் வண்டியாக நினைத்துக் கட்டுங்கள். அப்படி நினைத்தால் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் போய் இன்னும் கொஞ்சம் எடை குறையும். ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவுக் குழாய்), சீட் பெல்ட் கட்டும் இடம், பிரேக் பைப் இந்த மூன்றில் மட்டும் ஒரு கிராம்கூட மிச்சம் பிடிக்க வேண்டாம். அங்கே நான் அந்த டிராக்டர் வெல்டர் கட்சி.

இப்போதே ஒரு நோட்டுப் போடுங்கள். வண்டியில் ஏறும் ஒவ்வொரு சாமானையும் பூட்டுவதற்கு முன் தராசில் வைத்து எழுதுங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ் போன்றவற்றைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைக்கலாம். சேஸி சக்கரத்தில் நின்றதும் ஒரு முறை, முடிந்ததும் பெட்ரோல் ஊற்றி, நீங்கள் உட்கார்ந்தபடி ஒரு முறை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். முழு வண்டியை ஏற்றி ஒரு சீட்டு, முன்சக்கரம் மட்டும் மேடையில் இருக்க ஒரு சீட்டு. கழித்தால் பின்பக்க எடை வந்துவிடும். ஆனி மாதத்தில் மட்டும் போகாதீர்கள். பெங்களூரா மாங்காய் லாரிகள் விடியற்காலையிலிருந்தே வரிசையில் நிற்கும், உங்கள் அறுநூறு கிலோவுக்கு யாரும் வழிவிட மாட்டார்கள்.